கேட்டா சொல்லிருவேன்

எம்.ஏ. படிக்கும்போது அவளிடம் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். புதுச் சேலை கட்டி வந்தவள் எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்க மாட்டாள். செமினார் வாசித்து முடித்தவள் அவள் கண்ணில் படாமல் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். ஒருமுறை பேராசிரியரே தெரியாமல் மாட்டிக்கொண்டார். பாடத்தை முடித்துவிட்டு முதல் பெஞ்சைப் பார்த்து, "என்னம்மா, புரிஞ்சுதா?" என்றார். முதல் பெஞ்சில் அவள் இருந்தாள்.

"இல்ல சார். அந்த எடம் உங்களுக்கும் சரியாப் புரியலைன்னு தோணுது."

குரலில் குத்தல் கிடையாது. மணி கேட்டவருக்கு மணி சொல்வது போலச் சொன்னாள். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் கேட்காத எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பில் பாதிப் பேருடைய ரகசியம் அவளிடம்தான் இருந்தது. ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி விசாரிக்க வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்பே கையை நீட்டித் தடுத்துவிடுவாள். "என்கிட்டக் கேக்காத. கேட்டா சொல்லிருவேன்." அதை ஒரு மிரட்டலாகச் சொல்ல மாட்டாள். எனக்குச் சுகர் இருக்கிறது, இனிப்புத் தராதே என்று சொல்பவர்களைப் போலச் சொல்வாள்.

கம்பத்தில் என் அப்பாவுக்கு உரக்கடை. கடைக்கு மேல் மாடியில் வீடு. அவளுடைய அப்பாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். கொடிக்கு மருந்து வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். அந்தப் பழக்கத்தில் எங்கே போவதானாலும் இரண்டு வீட்டிலும் எங்களைச் சேர்த்தே அனுப்புவார்கள். டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்ததும் சேர்ந்துதான். யோசனை அவளுடையது. முதலில் மதுரையில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் டெல்லியில் நேர்முகம். நாடு முழுவதிலுமிருந்து எழுதுவார்கள். எடுப்பது ஒரு ஜீப்பில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஆட்களை.

வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. என் அப்பா அதை நல்ல விதமாகவே சொன்னார். "எடம் கிடைச்சா நானே கொண்டுபோயி விடுறேன்த்தா. கிடைக்கலன்னா வர்ற வரனப் பாப்போம்."

கம்பத்திலிருந்து விடியற்காலையில் மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் பெண்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி செய்ய நினைத்திருந்தாள். ஜீப் நிற்கும் இடத்துக்கு ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாள். விடிந்தும் விடியாத நேரம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாக இருபது முப்பது பெண்கள் நின்றார்கள். நான் பேனாவும் நோட்டுமாக அவள் பின்னால் நின்றேன். கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே, வாயில் வெற்றிலை அதக்கிய ஓர் அம்மா அவளைக் கேட்டுவிட்டாள்.

"ஏத்தா, இத நீ எழுதிக்கிட்டுப் போனா எங்களுக்கு என்னா பிரயோசனம்?"

அதற்கு ஒரு பதிலை நான் மனதுக்குள் தயாராகவே வைத்திருந்தேன். உங்கள் கஷ்டம் அரசாங்கத்துக்குத் தெரிய வரும், நாலு பேர் உங்களுக்காகப் பேசுவார்கள் என்று. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான் பிரயோசனம். இத வச்சு டெல்லியில போய்ப் படிக்கலாம்."

அந்த அம்மா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "அப்பக் கேளு, சொல்றோம்" என்றாள். ஜீப்பில் பதினெட்டுப் பேரை எப்படி அடைக்கிறார்கள், மழைக்காலத்தில் அட்டை எங்கெங்கே கடிக்கும், கங்காணி என்ன சொல்லித் திட்டுவான், திட்டினால் இவர்கள் மலையாளத்தில் என்ன சொல்லித் திருப்பித் திட்டுவார்கள் என்று, டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை சொன்னார்கள். நோட்டில் பதினோரு பக்கம் நிறைந்தது.

தேர்வு முடிவு வந்த அன்று கம்பத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தோம். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அவள் மௌஸை உருட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். மறுபடி மேலே போனாள். மறுபடி கீழே வந்தாள்.

"என் நம்பர் இருக்கு. உன் நம்பர் இல்ல."

"நல்லாப் பாருடி."

"மூணு தடவ பாத்துட்டேன்."

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், உனக்கென்ன குறை, பேப்பர் திருத்தியவர்கள் சரியில்லை என்பது போல எதையுமே அவள் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுருளிப்பட்டி பஸ் மூன்று வந்து போயின. மூன்றையும் விட்டுவிட்டாள். நான் எழுந்த பிறகுதான் எழுந்தாள்.

வீட்டுக்குப் போய் நான் ஒரு பொய் சொன்னேன். முதல் லிஸ்ட் வந்திருக்கிறது, அதில் அவள் பேர் வந்துவிட்டது, இரண்டாவது லிஸ்ட் இனிமேல்தான் வரும் என்று. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அப்பா கடையை விட்டு மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே "என்னாச்சுத்தா?" என்று கேட்டபோது வாயில் வந்தது அது. அன்று மாலையே அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"சரி. ஆனா உங்கப்பாவ என்கிட்டக் கேக்க வேணாம்னு சொல்லிரு" என்றாள்.

அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ஆடி மாதம் அவள் நேர்முகத்துக்கு டெல்லி போனாள். கூட அவளுடைய அப்பா. வாழ்நாளில் அவர் போன அதிகத் தூரம் அதற்கு முன்பு திண்டுக்கல்தான். திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன். ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு புத்தகத்தின் பேரைச் சொல்லிப் படித்திருக்கிறாயா என்று கேட்டார்களாம்.

"இல்லைன்னேன். பேரு மட்டும் கேள்விப்பட்டுருக்கேன்னு சொன்னேன். எனக்கு முன்னாடி போன பையனையும் அதையேதான் கேட்டுருக்காக. அவன் படிச்சேன்னுட்டான். வெளிய வந்து என்கிட்டக் கேக்குறான், அந்தப் புக்கு எதப் பத்துனதுன்னு."

"வேற என்னா கேட்டாக?"

"எதுக்கு எங்க யுனிவர்சிட்டியில சேரணும்னு நெனக்கிறன்னு. ஹாஸ்டல் இருக்கு, உதவித்தொகை இருக்கு, அஞ்சாறு வருசத்துக்கு வீட்டுல கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டாகன்னேன். ஒரு மேடம் சிரிச்சாக. பக்கத்துல இருந்தவரு என்னமோ எழுதிக்கிட்டாரு."

"ஏண்டி, ஆராய்ச்சியில ஆர்வம்னு சொன்னா என்ன?"

"ஆர்வம் இருந்தா இங்கன இருந்தும் பண்ணலாமே. அங்கன ஏன்னுல்ல கேட்டாக?"

ஆவணி பிறந்ததும் கடைசிப் பட்டியல் வந்தது. புத்தகம் படித்ததாகச் சொன்ன பையனின் பேர் இருந்தது. அவள் பேர் இல்லை. அந்த வாரம் முழுவதும் டவுன் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னாள். "எழுத்துப் பரிச்சையில பாஸ். நேர்ல பாத்துட்டு எடுக்கல." கேட்டவர்கள்தான் சங்கடப்பட்டார்கள். சிபாரிசு இல்லாமல் நடக்காது, நம்ம ஊர்ப் பிள்ளையென்றால் அவர்களுக்கு இளக்காரம் என்று அவளுக்காகக் காரணம் தேடித் தந்தார்கள். அவள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. "அது எனக்குத் தெரியல" என்பாள்.

அவளுடைய அப்பாவுக்கு அது தாங்கவில்லை. டெல்லி ரயிலில் மகளோடு இரண்டு நாள் உட்கார்ந்து போனவர். ஊருக்குள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் சின்னமனூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் எடுத்து வைக்க நானும் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் அவர் பேசுவது நன்றாகக் கேட்டது.

"எடம் கிடைச்சுருச்சு. நாங்கதான் வேணாம்னுட்டோம். பொட்டப்பிள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு இங்கன எப்படிக் கண்ணசர்றது?"

அவள் காபித் தட்டோடு போனாள். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டாள். "ஏத்தா, டெல்லியில கிடைச்சும் போக முடியலன்னு மனசுல வருத்தம் இருக்கா?"

அடுப்படியில் நானும் அவளுடைய அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 

"கிடைக்கல அத்தே. அவுகதான் என்னைய எடுக்கல. அப்பா சங்கடப்பட்டுக்கிட்டு இப்படிச் சொல்றாக."

மாப்பிள்ளையின் அப்பா இந்த வருஷத் திராட்சை விளைச்சலைப் பற்றிக் கேட்டார். காபி குடித்தார்கள். போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவில்லை. அவர்கள் போன பிறகு அவளுடைய அப்பா அவளைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அவர் போவதை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் சொன்னதற்கு வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது. அவளுக்காக இல்லை, எனக்காக.

நடந்தது நான்கு நாளில் கம்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "அந்தப் பிள்ள பெத்தவனுக்காகக் கூட ஒரு பொய் சொல்லாதுப்பா" என்று கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் என் அப்பாவுக்கு அவளையே கேட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அவள் தோட்டத்துக்கு மருந்து வாங்கக் கடைக்கு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்கப்பா கேட்டாக. சொல்லிட்டேன்."

"என்னா கேட்டாக?"

"ரெண்டாவது லிஸ்ட்டு எப்பத்தா வரும்னாக. என்கிட்டக் கேக்காதீகன்னேன். பரவால்ல, சொல்லுன்னாக. அப்படி ஒரு லிஸ்ட்டே கிடையாதுன்னேன்."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"தெரியுமே."

"வெளிய போ" என்றேன். கத்தவில்லை. அவள் கொஞ்சம் நின்றாள். கையில் மருந்து பாட்டில்கள் போட்ட மஞ்சள் பை இருந்தது. அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

அதன்பின் பன்னிரண்டு வருஷம் அவளோடு நான் பேசவில்லை. அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆகித் தேனிக்கு வந்தேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது அது வேறு கதையாகிவிட்டது. வெயிட்டிங் லிஸ்டில் என் பேர் இருந்தது. கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும். அதற்குள் ஒரு சிநேகிதி பொறாமையில் அப்பாவிடம் போய் என்னத்தையோ சொல்லிவிட்டாள். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணத்தை முடித்துவிட்டார். வீட்டுக்காரர் அதை நம்பினார். நல்ல மனுஷர், எனக்காக வருத்தப்பட்டார். படித்த பிள்ளையைத் தடுத்துவிட்டாரே என்று என் அப்பா மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் விழுந்தது. பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் கம்பம் வருவார். மாமனாரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச மாட்டார். அப்பாவும் ஏன் என்று கேட்டதில்லை.

அவளைப் பற்றிய செய்திகள் கடை வழியாக வந்தன. அடுத்த வருஷமும் எழுதினாள். அந்தத் தடவை உண்மையிலேயே காத்திருப்போர் பட்டியலில் வந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த யாரும் விலகவில்லை. மூன்றாம் வருஷம் எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டது. அப்போது நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். கீழே கடையில் ஒருவர் அவளுடைய அப்பாவிடம், "என்னப்பா, ஒம்மக டெல்லி சங்கதி என்னா ஆச்சு?" என்று கேட்பது மாடிக்குக் கேட்டது.

"மூணு தடவ எழுதுனா. மூணு தடவையும் எடுக்கல" என்றார் அவர். நிதானமாகச் சொன்னார். அப்புறம் என் அப்பாவிடம் திரும்பி, கொடியில் சாம்பல் நோய் விழுந்திருக்கிறது, புதிதாக என்ன மருந்து வந்திருக்கிறது என்று விசாரித்தார்.

போன வருஷம் குமுளியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு நானும் என் வீட்டுக்காரரும் திரும்பிக்கொண்டிருந்தோம். மலை இறங்கி லோயர் கேம்ப் வந்ததும் பஸ் நின்றுவிட்டது. அடுத்த பஸ் வர அரைமணி ஆகும் என்றார் கண்டக்டர். டீக்கடை ஓரமாக நின்றோம். மேலேயிருந்து வந்த ஒரு ஜீப்பிலிருந்து அவள் இறங்கினாள். காட்டன் சேலை, தோளில் பை, காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் நேராக வந்துவிட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருக்கிறாளாம். என் வீட்டுக்காரர் மரியாதைக்காக, "வீட்டுல சார் என்ன பண்றாக?" என்று கேட்டார்.

"கல்யாணம் ஆச்சு. ரெண்டு வருசம் இருந்தேன். ஒத்து வரல. வந்துட்டேன்" என்றாள். அவர் டீ வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். அவளிடம் எதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"என் மேல கோவமா இருந்தியா?"

"இருந்தேன்."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"அன்னைக்கு வெளிய போன்னு சொன்னதுக்கா?"

"அதுக்கு இல்ல. அது நீ சொல்ல வேண்டியதுதான். ரெண்டாந்தடவ எழுதறப்ப உனக்கும் சேத்து அப்ளிகேசன் எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். உனக்குக் கல்யாணத் தேதி குறிக்கல அப்ப. நீ மாடியில நின்னு என்னையப் பாத்த. பாத்துட்டு உள்ள போயிட்ட. கீழ ரொம்ப நேரம் நின்னேன்."

அது எனக்கு நினைவிருந்தது. அவள் கையில் ஒரு பழுப்பு உறை இருந்ததும், அதில் என்ன இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்ததும் நினைவிருந்தது. அவள் என் மகளைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். டீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம். கூடலூர் போகும் ஆட்டோ ஒன்று வர, "வரட்டா?" என்று ஏறிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"இவுகதான அந்த ஃபிரண்டு? உன் டெல்லியக் கெடுத்தவுக?"

"அவ கெடுக்கல" என்றேன். "வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு ஒண்ணு கிடையாது. பரிச்சையிலயே எனக்குக் கிடைக்கல. நான் வீட்டுல பொய் சொல்லியிருந்தேன். அவ உள்ளதச் சொன்னா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது. 

"அப்பா அன்னைக்குச் சாயங்காலம் மாடிக்கு வந்தாக. திட்டல. ஏந்தா மறைச்சன்னு கூடக் கேக்கல. அடுத்த வருசம் இன்னொரு தடவ எழுதிப் பாக்குறியாத்தா, வரனெல்லாம் நான் தள்ளிப்போடுறேன்னாக. நான்தான் வேணாம்னேன். கல்யாணமே பண்ணிக்கிறேன்னு சொன்னது நான்தான்."

"ஏன்?"

"இன்னொரு தடவ அந்த லிஸ்ட்டுல என் நம்பரத் தேடப் பயமா இருந்துச்சு."

கூடலூர் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்தார். என் மேல் கோபப்பட்டிருந்தால் அது நியாயம்தான். கம்பம் நெருங்கும்போது, மேலே வைத்திருந்த பையை எழுந்து எடுத்தார். எங்கள் டிக்கெட் தேனிக்கு.

"இங்கன எறங்குவோம்" என்றார். "மாமா கடையில இருப்பாக. பாத்துட்டுப் போவோம்."

இறங்கினோம்.